பூஜ்ஜியம் நிமிடத்தில் வரும் வேன்

வேன் வருவதற்கு இன்னும் பூஜ்ஜியம் நிமிடம் என்று எல்லோருடைய கைப்பேசியும் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் பூட்டிக் கிடக்கும் மாவு மில் ஒன்று உண்டு. அதன் தகரக் கூரைக்கு அடியில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பாக்களில் வந்திருந்தது நானும் ஓர் ஆட்டோ ஓட்டுநரும் மட்டும். அவருடைய மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. அவர் ஆட்டோவுக்குள்ளேயே சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நான் கூரைக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது.

"அண்ணா, உங்க போன்லயும் ஜீரோவா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார்.

"ஜீரோதான்."

"அப்போ அடுத்த திருப்பத்துலதான் இருக்கும். மழைல மெதுவா வருவாரு."

இதையே அவர் கொஞ்ச நேரத்துக்கு முன்பும் சொல்லியிருந்தார். அப்போதும் பூஜ்ஜியம்தான்.

மகளை மாலையில் அழைத்து வருவது என் பொறுப்பு. என் மனைவி ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். உள்ளே கைப்பேசி கொண்டுபோக முடியாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இணையப் பக்கங்கள் எழுதுவது என் தொழில். அதிலும் பெரும்பாலும் எண்கள் வந்துபோகும் பக்கங்கள். வந்தது எண்தானா, காட்டலாமா, கூட்டலாமா என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சந்தேகம் வேலை முடிந்த பிறகும் என்னை விடுவதில்லை. அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

எங்கள் பள்ளி வேனுக்கான இணையப் பக்கத்தை வேறொரு சின்ன நிறுவனம் எழுதியிருந்தது. வேன் ஓட்டுநரின் கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். மிச்சத் தூரத்தை வேகத்தால் வகுத்து, இத்தனை நிமிடத்தில் வரும் என்று பக்கம் காட்டும். ஆரம்பத்தில் வேன் சிக்னலில் நின்றாலே 'இன்ஃபினிட்டி நிமிடம்' என்று வந்தது. வேகம் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி. "நம்ம பசங்க இன்னிக்கு வர மாட்டாங்களாம்" என்று அம்மாக்கள் சிரித்துக்கொண்டார்கள். யாரோ புகார் சொல்ல, சில நாளில் அது சரியானது. அதன்பின் எப்போதும் ஒழுங்கான எண்தான் வந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. எனக்கும்தான்.

அன்று மழை வலுத்தது. பூஜ்ஜியம் அசையவில்லை. பள்ளிக்கு அழைத்தால் வேறு அழைப்பில் இருப்பதாகவே வந்தது. வேன் ஓட்டுநரின் கைப்பேசி அணைந்திருந்தது. அடுத்த திருப்பம் வரை நடந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஒரு தண்ணீர் லாரியும் இரண்டு நாய்களும் மட்டும்தான். வேன் இங்கே இல்லையென்றால், இது என்ன பூஜ்ஜியம்?

வீடு பக்கம்தான். மாடியேறி மடிக்கணினியைத் திறந்தேன். அதே பக்கத்தைத் திறந்து, அதற்குப் பின்னால் ஓடும் தகவலைப் பார்த்தேன். இது என் அன்றாட வேலை, கை தானாகப் போனது. நிமிடம் வர வேண்டிய இடத்தில் எண்ணே இல்லை. ஆங்கிலத்தில் 'நல்' (null) என்று இருந்தது. ஒன்றுமில்லை, வெறுமை என்பதற்கு எங்கள் தொழிலில் உள்ள சொல் அது. தமிழில் எழுதிப் பார்த்தால் நல்ல செய்தி போலத் தெரியும்.

பக்கத்தின் நிரலில் அந்த இடத்தைத் தேடியபோது காரணம் கிடைத்தது. இணையப் பக்கங்களை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகிற மொழி. செய்ய முடியாத கணக்கைச் சொன்னால் வேலையை நிறுத்தாது. 'முடிவிலி' என்றோ 'எண் அல்ல' என்றோ ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே திரையில் காட்டும் முன், கையிலிருப்பது முடிவுள்ள எண்தானா என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. புதிய வழி கறார். கொடுத்தது எண் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். பழைய வழி அப்படியில்லை. கொடுத்ததை முதலில் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும், அப்புறம்தான் பதில் சொல்லும். வெறுமையைக் கொடுத்தால் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளும். பூஜ்ஜியம் முடிவுள்ள எண்தானே, ஆகவே ஆம் என்று தலையாட்டும். இந்தப் பக்கத்தில் இருந்தது பழைய வழி. அடுத்து, நிமிடத்தை முழு எண்ணாக்கும் வரியும் வெறுமையைப் பூஜ்ஜியமாக்கித் திரையில் போட்டது.

அப்படியானால் நிமிடத்தைக் கணக்கிட்டு அனுப்பும் அந்த நிறுவனத்தின் கணினிக்கு வேன் எங்கே என்றே தெரியவில்லை. தெரியாது என்று அது அனுப்பிய வெறுமையைத்தான் இந்தப் பக்கம் 'இதோ வந்துவிட்டது' என்று எங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

வரைபடத்தைத் திறந்தேன். கடைசியாகத் தெரிந்த இடத்தில் ஒரு சின்ன மஞ்சள் வேன் படம் நின்றது. பள்ளி இருக்கும் வேலப்பன்சாவடிப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் கூவம் ஆற்றைக் கடக்கத் தாழ்வான தரைப்பாலம் ஒன்று இருக்கிறது. படம் அதன் மேல் நின்றது.

கீழே எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. தகரக் கூரைக்கு அடியில் வந்து, "வேன் பக்கத்துல இல்லைங்க" என்றேன். "அது எங்கே இருக்குன்னு அந்த வெப்சைட்டுக்கே தெரியல. தெரியாததைத்தான் ஜீரோன்னு காட்டுது."

எதிர்வீட்டு அம்மா கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜீரோன்னு போட்டிருக்கே அண்ணா" என்றார். கோபமில்லை. நான் ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். இன்னொருவர், "நல்லாத்தானே இருந்துச்சு, நேத்துகூட கரெக்டா வந்துச்சு" என்றார். பாலத்தைப் பற்றி அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாரி கீது?"

குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "வேன் கடைசியா நின்ன இடம் தரைப்பாலம்ணே" என்றேன்.

அவர் உடனே வண்டியை முடுக்கினார். "ஏறு சார்" என்றார். கிளம்பும்போது அம்மாக்களிடம், "நாங்க எதுர்ல போய் பாத்துட்டு வந்துர்றோம், இங்கியே இருங்க" என்று மட்டும் சொன்னார்.

அயப்பாக்கம் வழியாகப் போனோம். சாலை எங்கே முடிகிறது, வடிகால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முன்னால் போகும் வண்டியின் தடத்தைப் பார்த்து ஓட்டினார். நான் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். பூஜ்ஜியம். மறுபடி பூஜ்ஜியம். அது பொய்யென்று தெரிந்த பிறகும் விரல் நிற்கவில்லை.

"அத்த உள்ள வை சார்" என்றார். "நீ அத்த பாக்கற, நான் கண்ணாடில உன்ன பாக்கறேன். அப்பால ரோட்ட யாரு பாக்கறது?"

உள்ளே வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார். "ஊட்ல இன்னும் சொல்லல. சொன்னா பயந்துக்கும்."

"என் வீட்ல சொல்லவே முடியாதுண்ணே. போன் வாசல்ல இருக்கும்."

"அதுவும் ஒரு வகைல நல்லது."

தரைப்பாலத்துக்கு முன்பே தடுப்பு போட்டிருந்தார்கள். மழைக்கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் கையை ஆட்டித் திரும்பச் சொன்னார். இறங்கி ஓடினேன். பாலம் தெரியவில்லை. கைப்பிடிக் கம்பிகளின் முனை மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரிந்தது. காப்பி நிறத் தண்ணீர் அவற்றைச் சுற்றி நுரைத்துக்கொண்டு ஓடியது. ஒரு வாழைமரம் வேரோடு வந்து கம்பியில் சிக்கி, அசைந்து அசைந்து விடுபட்டுப் போனது. நான் அதையே பார்த்தேன்.

"ஸ்கூல் வேன் ஏதாவது..." என்று காவலரிடம் ஆரம்பித்தேன். அவர் இப்போதுதான் வேலைக்கு வந்ததாகச் சொன்னார். தண்ணீர் பார்க்க வந்த கூட்டத்தில் குடை பிடித்திருந்த ஒருவர் திரும்பினார்.

"மஞ்சா வேனா? அந்தாண்ட கரைல வந்து நின்னுச்சி. ஒரு ஆளு எறங்கி தண்ணில கால வுட்டுப் பாத்தாரு."

"அப்புறம்?"

"அப்பால தெர்ல சார். மழ புடிச்சிக்கிச்சி, நான் அந்தப் பொட்டிக்கடைல ஒதுங்கிட்டேன். வந்து பாக்கசொல்லோ வேன் இல்ல."

வேன் இல்லை என்பதற்கு எத்தனை அர்த்தங்கள் இருக்க முடியும் என்று மனம் ஓட ஆரம்பித்தது. திரும்பிப் போயிருக்கலாம். வேறு வழியில் போயிருக்கலாம். மூன்றாவதை நான் நினைக்க மறுத்தேன், ஆனால் மனம் அதையும் நினைத்துக்கொண்டது. ஆட்டோக்காரர் என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். "தண்ணில போயிருந்தா இங்க கூட்டம் இப்டி சும்மா நின்னுகினு இருக்குமா? ஏறு. சுத்திகினு அந்தாண்ட போலாம்."

ஆவடி–பூந்தமல்லி சாலைக்கு வந்து உயரமான பாலத்தில் ஏறி மறுகரைக்குப் போக வேண்டும். சாலை முழுக்க வண்டிகள். அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. நான் பள்ளிக்கு அழைத்தேன், மனைவிக்கு அழைத்தேன், எடுக்க மாட்டாள் என்று தெரிந்தே மறுபடி அழைத்தேன். நான் பிரேக் போடுகிற மாதிரி ஆட்டோவின் தரையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

மறுகரையில் தரைப்பாலத்தை நோக்கிப் போகும் சாலையில், கொஞ்சம் மேடான இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் சீரியல் விளக்கு போட்டிருந்தார்கள். பந்தலுக்கு அடியில் எங்கள் வேன் சாய்வாக நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. புத்தகப் பைகள் மட்டும் இருக்கைகளில் கிடந்தன.

மண்டபத்துக்குள் ஓடினோம். மேடையில் கன்னத்தில் சந்தனம் பூசிய ஒரு பெண், கை நிறைய வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வளைகாப்பு. எங்களைப் பார்த்ததும் யார் என்று கேட்காமலே சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே எங்கள் பிள்ளைகள் சீருடையோடு வரிசையாக இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம். என் மகளின் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல்கள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்ப்பா அதுக்குள்ள வந்துட்ட? எனக்கு இன்னும் தயிர் சாதம் வெக்கல."

ஆட்டோக்காரரின் மகன் கையிலும் இரண்டு பச்சை வளையல்கள். "இன்னாடா இது?" என்றார். "அந்த ஆன்ட்டி எல்லாருக்கும் போட்டாங்கப்பா" என்றான் அவன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேன் ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர். முழங்காலுக்கு மேல் சேறாக, கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "முட்டிக்கு மேல கீது சார் தண்ணி. கால இழுக்குது. புள்ளைங்கள வெச்சிகினு எப்டி எறக்கறது? திரும்பி ஏறசொல்லோ போன் பாக்கெட்லேர்ந்து வுழுந்து தண்ணியோட பூட்ச்சி. எனக்கு ஒரு நம்பரும் மனசுல இல்ல. வண்டி பின்னாடி எழுதிகிற ஸ்கூல் நம்பருக்கு இவங்க போன்லேர்ந்து போட்டுகினே கீறேன். பிசி, பிசின்னே சொல்லுது."

பிசியாகத்தான் இருக்கும். அதே எண்ணுக்குத்தான் நாங்கள் எல்லோரும் விடாமல் அழைத்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டோக்காரர் தன் மனைவியை அழைத்தார். பையனைக் காணோமென்று அவரும் அதற்குள் தெருமுனைக்கு வந்திருந்தார். ஒலிபெருக்கியைப் போட்டிருக்க வேண்டும், தகரக் கூரையின் இரைச்சலும் ஒரே நேரத்தில் பல பேர் கேட்பதும் காதில் விழுந்தன. "எல்லாம் நல்லா கீதுங்க. துன்னுகினு கீதுங்க" என்றார். அந்தப் பக்கம் யாரோ விம்முவது கேட்டது. எதிர்வீட்டு அம்மாவாக இருக்கும் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா என் முன்னால் ஓர் இலையைப் போட்டார். "மழைல பாதிப் பேரு வரல. ஆக்கின சோறெல்லாம் வீணாப் போவுதேன்னு நின்னுட்டிருந்தோம், பசங்க வந்தாங்க. உட்காருங்க, நீங்களும் சாப்ட்டுதான் போணும்." உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. சாதம் இலைக்கும் மடிக்குமாகச் சிந்தியது. மகள் அதைக் கவனித்து, "ஒழுங்கா சாப்டுப்பா" என்றாள்.

மழை தணிந்ததும் ஆட்டோ முன்னால் போக, வேன் பின்னால் வர, பெரிய பாலம் வழியாகச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தோம்.

என் மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வாழைமரம் வரைக்கும் சொன்னேன். அவள் மகளின் கையை மடியில் வைத்துக்கொண்டு வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்தியபடி கேட்டாள். முடிவில், "நல்லவேளை, அப்போ எனக்குத் தெரியாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் பட்டது அவளுக்கு ஒன்றுமே இல்லையா என்று தோன்றியது.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தை எழுதிய நிறுவனத்துக்கு அழைத்தேன். நாலைந்து பேர் மாறி, கடைசியில் அந்த வரிகளை எழுதிய பெண்ணே பேசினார். நான் கோபமாகப் பேசத் தயாராகத்தான் இருந்தேன்.

"நிமிஷம் வர இடத்துல 'நல்' வருதுங்க. நீங்க பழைய சோதனையப் போட்டிருக்கீங்க. அது அதை ஜீரோவா மாத்திக்கிட்டு, சரியான எண்தான்னு விட்டுடுது."

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம். "ஆமா சார்" என்றார். குரல் மாறியிருந்தது. "முன்னாடி இன்ஃபினிட்டி வருதுன்னு சொன்னாங்க. அதைத் தடுக்கத்தான் இதைப் போட்டேன். அப்புறம் கணக்கை எங்க சர்வர் கம்ப்யூட்டரே போடற மாதிரி மாத்தினப்போ இதை நான் திரும்பப் பாக்கல. நேத்து மழைல எத்தனை வேனுக்கு இப்படிக் காட்டியிருக்கும்?"

என் கோபம் எங்கோ போய்விட்டது.

"மாத்திடறேன் சார், இப்பவே. ஆனா எண் இல்லன்னா என்ன காட்டறது? வெறும் கோடு போட்டா யாருக்கும் புரியாது."

"வேன் இருக்கும் இடம் தெரியவில்லைன்னு போடுங்க. கடைசியா எப்போ தெரிஞ்சதுன்னும் போடுங்க."

"பேரன்ட்ஸ் பயந்துடுவாங்க சார்."

"பயப்படட்டும்" என்றேன். சொன்னபோது அது சரியாகத்தான் இருந்தது.

அன்று மாலையே மாற்றிவிட்டார். அதன்பிறகுதான் தெரிந்தது, அயப்பாக்கம் பக்கம் ஓரிடத்தில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை என்று. முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது தினமும் அந்த இடம் வந்ததும் 'வேன் இருக்கும் இடம் தெரியவில்லை' என்று வரும். தகரக் கூரைக்கு அடியில் எல்லாத் தலைகளும் நிமிரும். கொஞ்ச நேரத்தில் எண் வரும், மூச்சு விடுவார்கள். ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா என்னிடம், "நீங்க சொல்லித்தான் மாத்தினாங்களாமே அண்ணா. முன்னாடி இருந்ததே நிம்மதியா இருந்துச்சு" என்றார். நான் தலையாட்டினேன்.

எனக்கும் நிம்மதி இல்லை. என் வேலைக்கு நடுவில், வேன் கிளம்பாத நேரத்தில்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு மாலை அது 'தெரியவில்லை' என்று காட்டியபடியே நிற்க, நான் அலுவலகக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பம் வரை ஓடினேன். வேன் வழக்கம்போல வந்தது. மனைவியிடம் அதைச் சொன்னபோது அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"காலையில வாசல்ல போனைக் குடுக்கறேன் இல்ல, அப்போலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எனக்கும் அந்த 'தெரியவில்லை'தான். தினமும். இவ சாப்ட்டாளா, காய்ச்சல் வந்துச்சா, ஒண்ணும் தெரியாது. நான் உள்ளே நின்னு வேலை பாக்கலையா? அன்னிக்கு நல்லவேளைன்னு சொன்னது அதனாலதான். தெரிஞ்சிருந்தா என்னால கேட்டைத் தாண்டி வந்திருக்கவும் முடியாது."

அவள் சொன்ன பிறகுதான் அவளுடைய பகல் எப்படிப் போகும் என்று முதல் தடவையாக யோசித்தேன். அதனால் நான் மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. பக்கத்தைத் திறப்பது கொஞ்சம் குறைந்தது.

வேனில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு ஒரு நம்பரும் மனசில் இல்லை என்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். தினமும் போகும் வழியில் அவரவர் வீட்டு எண்ணை அவருக்குச் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லச் சொல்கிறார்களாம். "வேன் மாமாவுக்கு உன் நம்பர் வரலப்பா. நடுவுல வர ஏழுங்கறத விட்டுடறாரு" என்று மகள் குறைப்பட்டுக்கொண்டாள்.

போன மாதம் ஒரு மதியம், வானம் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். "சார், வேன்காரன் பேசறேன்" என்றார். எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"என்னாச்சு? எங்கே இருக்கீங்க?"

"ஒண்ணியும் ஆவல சார். டீக்கடைக்காரரு போன்லேர்ந்து சும்மா போட்டுப் பாத்தேன், நம்பர் மனசுல நின்னுச்சான்னு. ஸ்கூல் இன்னும் வுடல."

சரியாக இருக்கிறது என்றேன். அவருக்குச் சந்தோஷம். நானோ செருப்பைப் போட்டுவிட்டிருந்தேன். கழற்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வேன் வர நிறைய நேரம் இருக்கும்போதே தெருமுனைக்குப் போய், நடக்க ஆரம்பித்தேன்.